செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு காரின் சஸ்பென்ஷனோடு ஓர் ஆண்டு

தலைவர், செயற்குழு நண்பர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி நிறுத்தி வைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அவற்றை ஒழுங்காக ஓடும் கார்களாக வைத்திருக்கக் கற்றுக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அந்த முடிவின்படியே ஆண்டு நடந்தது. செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நம் கைகள் அதிகம் அழுக்கான அந்த ஒரு காரின் சஸ்பென்ஷனுக்கே, அதாவது சக்கரங்களைக் காரோடு இணைத்துச் சாலையின் அதிர்வைத் தாங்கும் அமைப்புக்கே ஒதுக்குகிறேன்.

அது நம் உறுப்பினர் ஒருவரின் முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5. 1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மாடல். நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருக்கும். குதிரையும் குதிரைக்காரரும் ஓருடலாக ஓடுவதைச் சொல்லும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரைத்தான் அதை வடிவமைத்தவர்கள் குறிக்கோளாக வைத்திருந்தார்கள். நம்மிடம் வந்தபோது அந்தக் காரில் அதன் சுவடே இல்லை. நேர் சாலையிலும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கும்.

உரிமையாளர், காரைத் தாழ்த்தும் கடினமான ஸ்பிரிங்குகளும் உயரம் மாற்றக்கூடிய ஷாக்குகளும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குபவை) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வந்தார். வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காரை ஸ்டாண்டில் ஏற்றினோம். கையையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் ஒன்றில் ஆட்டம் இருந்தது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் ஒன்றின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் காய்ந்திருந்தது. விஷ்போன் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்களை நெம்பிப் பார்த்தால், ரப்பர் வெடித்து, போல்ட் நுழையும் உள்குழாய் மையத்தை விட்டு நகர்ந்திருந்தது. இந்த நிலையில் கடினமான ஸ்பிரிங் போட்டால் சாலையின் அடி முழுவதும் இந்தத் தேய்ந்த மூட்டுகளில்தான் இறங்கும். முதலில் தேய்ந்ததை மாற்றுவோம், மேம்படுத்துவதை அப்புறம் பார்ப்போம் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். இதை இன்று இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. பின்சக்கரத்தின் கீழ்க்கையை வெளிப்புறத்தில் பிடிக்கும் நீண்ட போல்ட், உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம், சூடேற்றினோம், கடைசியில் ஒரு பக்கம் அறுத்தே எடுத்தோம். சக்கரத்தின் சாய்வையும் (கேம்பர்) அது நோக்கும் திசையையும் (டோ) சரிசெய்யும் எக்ஸென்ட்ரிக் போல்ட்கள் இருந்த இடத்தை முன்கூட்டியே பெயிண்டால் குறித்து வைத்தது நல்லதாயிற்று. இந்தச் சக்கரக் கோணங்களை அளந்து அலைன்மென்ட் செய்யும் இடம்வரை கார் ஓரளவு நேராகப் போனது அந்தக் குறிகளால்தான்.

புஷ் எதைப் போடுவது என்பதில் நிறைய விவாதம். பாலியூரித்தேன் புஷ் உள்குழாயின் மேல் வழுக்கிச் சுழலும், அதனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். கடினமானது என்பதால் அதிர்வையும் கூடுதலாக உள்ளே கடத்தும். ரப்பர் புஷ் அப்படியல்ல. ரப்பர் உள்குழாயிலும் வெளிக்குழாயிலும் ஒட்டியிருக்கும், விஷ்போன் கை அசையும்போது ரப்பரே முறுக்கிக்கொள்ளும். தினமும் சாலையில் ஓடும் கார் என்பதால் ரப்பரே போதும் என்றேன், அப்படியே ரப்பர் போட்டோம்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது, அதற்கு நானே பொறுப்பு. வேலையை முடிக்கும் அவசரத்தில், சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்களை முழுவதும் இறுக்கச் சொல்லிவிட்டேன். அப்படி இறுக்கினால் கார் தரையில் இறங்கியதும் ஒவ்வொரு ரப்பரும் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். மறுநாள் மூத்த உறுப்பினர் ஒருவர் கவனித்துச் சொன்னார். எல்லாவற்றையும் தளர்த்தி, காரின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்கும்படி வைத்து குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கினோம். இதை யாரும் மறக்க வேண்டாம்.

ஸ்பிரிங் பற்றி நடந்த மாலை நேர உரையாடலைத்தான் நான் மிகவும் விரும்பினேன். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால், சக்கரத்தில் கிடைக்கும் கடினம் ஸ்பிரிங் கடினத்தில் 49 சதவீதம்தான், ஏனென்றால் அந்த விகிதத்தின் வர்க்கம்தான் கணக்கு. ஸ்பிரிங் கடினத்தை 44 சதவீதம் கூட்டினாலும் கார் மேலும் கீழும் ஆடும் வேகம் 20 சதவீதம்தான் கூடும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் நேர்மாறு. உருளைக் கம்பியில் 20 மி.மீ. விட்டம் 22 ஆனாலே கடினம் 46 சதவீதம் ஏறிவிடும். எண்களைத் தாளில் போட்டுப் பார்த்ததும் உரிமையாளர் காரைத் தாழ்த்தும் எண்ணத்தை விட்டுவிட்டார். இந்தக் காரில் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம் ஏற்கெனவே குறைவு. தாழ்த்தினால் சின்னப் பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்புக் கட்டையில் மோதும். ஆகவே பழைய உயரத்திலேயே புது ஷாக், புது பம்ப் ஸ்டாப். ஷாக்கின் மேல்நுனியைக் காரோடு பிணைக்கும் மேல் மவுண்ட்களை அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5இலிருந்து எடுத்துப் போட்டதில் கொஞ்சம் கூடுதல் அசைவிடமும் கிடைத்தது.

அலைன்மென்ட் முடிந்த அன்று நானும் ஓட்டினேன். ஸ்டியரிங் நடுவில் தானாக நின்றது. வளைவில் கார் ஒரே தடவை சாய்ந்து அப்படியே நிலைத்தது. உரிமையாளர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு மற்ற உறுப்பினர்களின் கார்களையும் இதே வரிசையில் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரை யாரும் வீட்டில் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து, சங்கத்தின் வேலை நாளில் இருவராகச் செய்வோம். டார்க் ரெஞ்ச் இப்போது யாரிடம் இருக்கிறதோ, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கார் காத்திருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்