கடைக் கணினியிலேயே தங்கிவிடும் ஸ்கிரீன்ஷாட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டா நகல், வில்லங்கச் சான்று, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வு என்று எதுவானாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலர் முதலில் போய் நிற்பது பிரவுசிங் சென்டரில்தான். வேலை முடிந்ததும், "அண்ணா, அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று செல்போனை மானிட்டருக்கு நேரே நீட்டுவார்கள். இல்லையென்றால் கடைக்காரரே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். முதல் வழியில் படம் உருப்படாது. இரண்டாவதில் படம் நன்றாகவே வரும். ஆனால் அதன் நகல் கடையிலேயே கிடக்கும். இந்த இரண்டாவதைக் கவனிப்பவர்கள் குறைவு.

செல்போன் படம் ஏன் கெடுகிறது? மானிட்டர் என்பது நுண்ணிய புள்ளிகள் வரிசையாக அடுக்கிய கட்டம். கேமராவின் சென்சாரும் அப்படியொரு கட்டம். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் அலை அலையாக வரி தெரியுமே, அதேதான் படத்தில் விழுகிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் சுருங்கி, மெய்யெழுத்தின் புள்ளி போய்விடும். ன, ண குழம்பும். சர்வே எண்ணில் 3-ஐ 8 என்று படித்தால் அடுத்தவர் நிலத்துக்கு வில்லங்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கணினியிலேயே எடுக்க விண்டோஸில் வழிகள் பல. பிரிண்ட் ஸ்கிரீன் விசையை மட்டும் அழுத்தினால் முழுத்திரையும் கிளிப்போர்டுக்கு, அதாவது நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துக்குப் போகும். பெயிண்டைத் திறந்து கன்ட்ரோல் + வி கொடுத்துச் சேமிக்க வேண்டும். ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால், அப்போது வேலை நடக்கும் ஜன்னல் மட்டும். விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கி, பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் பிஎன்ஜி கோப்பாகத் தானே சேமித்துவிடும். இது விண்டோஸ் 8-இல் வந்தது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் எதிர்பார்க்கக் கூடாது. லேப்டாப் சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும்.

வேண்டிய பகுதியை மட்டும் எடுக்க விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். விண்டோஸ் 11-இல் வெறும் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினாலே இப்போது இதுதான் திறக்கிறது. பழைய பழக்கம் வேண்டுமானால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு என்று போய் மாற்றிக்கொள்ளலாம். மெனுவை விரித்த நிலையில் படம் வேண்டும், ஆனால் விசையைத் தொட்டதும் மெனு மூடிக்கொள்கிறது என்றால், விண்டோஸோடு வரும் ஸ்கிரீன்ஷாட் செயலியான ஸ்னிப்பிங் டூலைத் தனியாகத் திறந்து 3, 5 அல்லது 10 விநாடி தாமதம் வைத்து எடுங்கள்.

"எடுத்தேன், காணோம்" என்ற புகார் பெரும்பாலும் விண்டோஸ் 10-இல் வரும். அங்கே ஷிஃப்ட் + எஸ் வழியில் எடுத்தது கிளிப்போர்டில் மட்டுமே இருக்கும். மூலையில் வரும் அறிவிப்பைத் தட்டிச் சேமிக்காமல் கணினியை அணைத்தால் போயே போச்சு.

விண்டோஸ் 11-இல் சிக்கல் நேர்மாறானது. நாம் சேமி என்று சொல்லாவிட்டாலும், எடுத்த படத்தின் மூலத்தை ஸ்னிப்பிங் டூல் தானாகவே ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் போட்டு வைக்கிறது. மூலம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆதார் எண்ணைப் பேனாவால் அழித்து, அழித்த படத்தை வேறு பெயரில் சேமித்து வாடிக்கையாளருக்கு அனுப்பியிருப்பீர்கள். அழிக்காத படம் அந்த ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அடுத்து வருபவர் பிக்சர்ஸைத் திறந்தால் போதும். ஊரார் ஜாதகம் முழுக்க வரிசையாக நிற்கும்.

அங்கே மட்டும் என்றாலும் பரவாயில்லை. கிளிப்போர்டு ஹிஸ்டரி இயக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் + வி அழுத்தியதும் கடைசியாக நகலெடுத்த 25 வரை தெரியும், படங்கள் உட்பட. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமிக்கும் வசதி இயக்கப்பட்டிருந்தால் படம் கடைக்காரரின் கணக்குக்கு ஏறி, அவர் செல்போனிலும் தெரியும். போதாக்குறைக்கு, வாடிக்கையாளர் அங்கே திறந்த வாட்ஸ்அப் வெப் மூடப்படாமல் கிடக்கும்.

ஆகவே கடையை விட்டு எழும் முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டு ஃபோல்டரிலும் உங்கள் கோப்பைத் தேர்ந்து ஷிஃப்ட் + டெலிட் கொடுங்கள். வெறும் டெலிட் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் + வி அழுத்தி, கிளியர் ஆல் கொடுங்கள். அழியாமல் இருக்க 'பின்' (pin) செய்து வைத்தவை மட்டும் அதற்கு அசையாது, அவற்றைத் தனியே நீக்க வேண்டும். ஒன்டிரைவில் நீக்கியது அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும். அதைக் காலி செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். செல்போன் வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள்.

எண்ணை மறைப்பதிலும் தவறு நடக்கிறது. ஹைலைட்டரைக் கறுப்பாக்கி இரண்டு முறை தேய்த்தால் மறைந்தது போலத் தெரியும்; அது ஒளி ஊடுருவும் மை, வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எழுந்து வரும். மங்கலாக்கியும் பயனில்லை. இலக்கங்கள் பத்தே பத்து என்பதால் ஒப்பிட்டு ஊகிக்க முடியும். பெயிண்டில் செவ்வகத்தை எடுத்து, ஃபில் என்பதில் சாலிட் கலர் வைத்து மூடுங்கள். உள்ளே நிரம்புவது கலர் 2 என்ற இரண்டாவது நிறம். அது வெள்ளையாக இருந்தால் வெள்ளையாகவே மூடும், அதனால் குறைவில்லை. ஆதாருக்கோ, முதல் 8 இலக்கம் மறைத்த நகலையே இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். படத்தில் பூச வேண்டிய வேலையே இல்லை.

இன்னொன்று: வெட்டிய படத்தை அதே பெயரில் மேலெழுதினால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறை ஒன்று விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் இருந்தது. 2023 மார்ச்சில் வெளியே தெரிந்து, அதே மாதத்தில் சரிசெய்யப்பட்டது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கணினிகளுக்கு அந்தத் திருத்தம் எப்படி வந்து சேரும்?

கோப்பு பிஎன்ஜியாகவே இருக்கட்டும். ஜேபெக் என்பது புகைப்படத்துக்கு ஏற்றது; எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் படிந்தாற்போல் ஆக்கும். பிஎம்பியோ வெறும் பாரம்: 1920 × 1080 திரைக்குச் சுமார் 6 எம்பி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது.

நீளமான பக்கத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவும் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் இரண்டிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி, முழுப் பக்கம் என்பதைத் தேர்ந்தால் முழுப் பக்கமும் ஒரே படமாக வரும். ரசீதுக்கோ கன்ட்ரோல் + பி கொடுத்துப் பிடிஎஃபாகச் சேமிப்பதே மேல். விண்ணப்ப எண்ணை அதிலிருந்து நகலெடுத்து ஒட்டலாம்.

பட்டா நகலின் ஸ்கிரீன்ஷாட் பட்டா ஆகாது. பிரவுசரில் பக்கத்தின் நிரலைத் திறக்கும் எஃப்12 விசையைத் தட்டத் தெரிந்த பள்ளி மாணவர்கூடத் திரையில் இருக்கும் பெயரை மாற்றி எழுதிப் படம் எடுத்துவிடுவார். அச்சுப்படியில் உள்ள குறிப்பு எண்ணை இணையதளத்தில் கொடுத்துச் சரிபார்ப்பதே முறை. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால், மாங்காய் மண்டிக்காரரோ பூக்கடைக்காரரோ, தன் கணக்கில் வரவு விழுந்ததா என்றே பார்க்க வேண்டும்.

இணைய மோசடியில் பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அதற்கான ஸ்கிரீன்ஷாட்டில் முகவரிப் பட்டையும், மூலையில் உள்ள தேதியும் நேரமும், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் விழட்டும். அந்தக் கோப்பை வெட்டாதீர்கள், கோடு போடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) கேட்கப்படுகிறது; ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். பிறருக்கு அனுப்ப வேண்டுமானால் தனியே ஒரு நகல் எடுத்து, அதில் மறைத்துக்கொள்ளுங்கள்.

சென்டர் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்னிப்பிங் டூலின் செட்டிங்ஸில் மூலப்படத்தைத் தானாகச் சேமிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ஸ்கிரீன்ஷாட் சேமிப்பையும் நிறுத்துங்கள். கடை சாத்தும் முன் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு கணினிப் பயிற்றுநர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.