மாட்டிவிட்டது யார்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வேறென்ன, வீட்டோடு கிடந்து பழைய படங்கள்தான் பார்க்கிறேன்.

நேற்று நகைச்சுவை ஜோடி லாரல்-ஹார்டியின் ‘அனதர் ஃபைன் மெஸ்’ படம் பார்த்தேன். 1930இல் வந்தது, அரை மணி நேரம்கூட ஓடாது. போலீஸுக்குப் பயந்து ஓடி, யாரோ ஒரு கர்னலின் மாளிகைக்குள் புகுந்துகொள்கிறார்கள். கர்னல் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து, வீட்டை வாடகைக்குக் கேட்டு ஒரு தம்பதி வந்து நிற்கிறார்கள். ஹார்டி கர்னலாகிவிடுகிறார். லாரல் பட்லர். பணிப்பெண் தேவைப்பட்டதும் அந்த வேடமும் லாரல் தலையிலேயே விழுகிறது. ஒரே ஆள் பட்லராக உள்ளே போய்ப் பணிப்பெண்ணாக வெளியே வரவேண்டும்! அந்த வேடத்தில், வீடு கேட்டு வந்த மனைவியாக நடிக்கும் தெல்மா டாட் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து லாரல் அரட்டையடிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெட்கமும் சிரிப்புமாக அவர் நெளிவதற்கே தனியாக டிக்கெட் வாங்கலாம்.

“இன்னொரு வம்பில் என்னை மாட்டிவிட்டாயே!” என்ற ஹார்டியின் வசனம் உனக்குத் தெரியாததில்லை. எனக்கு அதில்தான் வழக்கு. முதலாளி வேடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டவர் அவர். பழி மட்டும் லாரலுக்கா? ஆனாலும் ஹார்டிமேல் கோபம் வருவதில்லை. எதையாவது சொதப்பிவிட்டு நேராக நம்மைப் பார்ப்பார் பார், நம்மையே சாட்சிக்குக் கூப்பிடுகிற அந்தப் பார்வையில் எல்லாம் மன்னித்துவிடத் தோன்றும்.

படப்பிடிப்புக்கு வெளியே கதை வேறு. நகைச்சுவைக்கு யோசிப்பது, எடிட்டிங்கில் உட்காருவது எல்லாம் லாரல். வேலை முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் விளையாடப் போய்விடுவார். இந்தப் படமே லாரலின் அப்பா எழுதிய மேடை நாடகத்திலிருந்து எடுத்ததுதான். நியாயமாக அந்த வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டியவர் லாரல். அவர் அப்படி நினைத்தவராகத் தெரியவில்லை. 1957இல் ஹார்டி போன பிறகு 1965 வரை இருந்தார், யார் கூப்பிட்டும் மறுபடி நடிக்கவில்லை.

சரி, கட்டாயம் பார். கடைசியில் ஒரு சைக்கிள் சுரங்கப்பாதைக்குள் போகும். எப்படி வெளியே வருகிறது என்று நான் சொல்லமாட்டேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி