லொக் புத்தகத்தின் அந்தப் பக்கம் எங்கே? விமான நிறுவனமொன்றின் பொறுப்பு முகாமையாளருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பு முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடாவுக்குப் புறப்பட்டு, கடலுக்கு மேலே சென்றபின் திரும்பிவந்து இறங்கிய தங்கள் விமானத்தைப் பற்றித் தாங்கள் நன்கு அறிவீர்கள். மறுநாள் அதே விமானம் அதே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுபாதைவரை போய் மறுபடியும் தரிப்பிடத்துக்குத் திரும்பியதையும் அறிவீர்கள். ஆகையால் நடந்ததை முதலிலிருந்து விவரிக்காமல், அந்தப் பயணிகளில் ஒருவனாகக் கிளிநொச்சியிலிருந்து இதனை எழுதுகிறேன். இரண்டு நாளும் விமானி சொன்னது பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைச் சீராக்கும் தொகுதியைப் பற்றித்தான். முதல் நாள் இரவு அது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று எங்களுக்குச் சொன்னவர்கள் தங்கள் உத்தியோகத்தர்கள்.

எனது கோரிக்கை ஒன்றே. அந்தப் பழுது எது, அது விமானத்தின் பழுதுகளையும் திருத்தங்களையும் எழுதிவைக்கும் லொக் புத்தகத்தில் முதன்முதலாக என்றைக்கு எழுதப்பட்டது, எந்த வேலை செய்யப்பட்டபின் அந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று ஒப்பமிடப்பட்டது என்பவற்றை அன்றைய பயணிகளுக்கு எழுத்தில் தாருங்கள். இதனை முன்னரே கேட்டேன். பராமரிப்புப் பதிவுகள் நிறுவனத்தின் உள்ளக ஆவணங்கள், அவை வெளியாருக்கு வழங்கப்படமாட்டா என்று பதில் வந்தது. அந்த விமானத்துக்குள் ஆசனப் பட்டியோடு அமர்ந்திருந்த நாங்கள் எந்தக் கணக்கில் வெளியார் ஆனோம் என்பது அதில் விளக்கப்படவில்லை.

என்னைவிட அதிகம் இழந்த ஒருவரைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். விசுவமடுவைச் சேர்ந்த அந்த இளைஞர் எனக்குப் பின்வரிசையில் இருந்தார். அவருடைய நுழைவு அனுமதி முதல் நாள் நள்ளிரவோடு முடிவடைய இருந்தது. விமானம் நேரத்துக்குப் போயிருந்தால் அதற்கு முன்னரே இறங்கியிருப்பார். தாயின் தோட்டையும் சங்கிலியையும் ஈடுவைத்து, போதாததற்கு நுண்கடனும் எடுத்துத்தான் வெளிநாட்டு வேலை முகவருக்குக் காசு கட்டியிருந்தார்கள். விமானம் பழுதாகித் திரும்பியது என்று நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் அனுமதியைப் புதுப்பித்துத் தருவதாக முகவர் சொன்னார். தங்கள் அலுவலகமும் கடிதம் கொடுத்தது. அதில் இரண்டாம் நாளின் திகதி மட்டுமே இருக்கிறது; செயற்பாட்டுக் காரணங்களால் பயணம் தாமதமானது என்று ஒரே ஒரு வரி இருக்கிறது; முதல் நாள் விமானம் புறப்பட்டதைப் பற்றியோ திரும்பியதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அதனை வாசிக்கும் எவருக்கும், அனுமதி முடிந்த மறுநாள்தான் இந்தப் பிள்ளை விமான நிலையத்துக்கே வந்தான் என்று தோன்றும். முகவருக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் நாள் இருக்கை அட்டையின் கிழிந்த துண்டைக் காட்டியும் அவர் ஏற்கவில்லை. கிழமைதோறும் கடன் அறவிட வருபவருக்கு அந்தத் துண்டைக் காட்டிப் பயனில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு திகதி பிழையாக எழுதப்பட்டது சிறு விடயம் என்று தங்கள் அலுவலகம் கருதக்கூடும். பேருந்து டிப்போவின் திருத்தகத்தில் போர்மனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சாரதி பழுதை எழுதுவார், திருத்தியவர் தாம் கழற்றியதையும் பூட்டியதையும் எழுதுவார், அதன் பிறகுதான் நான் ஒப்பமிடுவேன். "பார்த்தது, சரி" என்று மட்டும் எழுதியிருந்தால் வண்டி வாசலைத் தாண்டாது. எங்கள் பேருந்து நின்றுவிட்டால் ஆட்கள் இறங்கிப் பூவரச மர நிழலில் நிற்கலாம். தங்கள் வாகனத்தில் அந்த வசதி கிடையாது.

முதல் நாள் இரவு நான் முன்வரிசையில் இருந்தபடியால் ஒன்றைக் கிட்டவிருந்து பார்த்தேன். வேலை முடித்து ஏறிவந்த தொழில்நுட்பவியலாளர் விமானி அறை வாசலில் குந்தி, தடித்த அட்டைபோட்ட அந்தப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினார். கையொப்பம் வைத்தார். கீழே இருந்த நகற்தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். விமானம் போன பிறகும் தரையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தாள் கிழிக்கப்படுகிறது. எனவே நான் கேட்பது எழுதப்பட்டு, ஒப்பமிடப்பட்டு, தங்கள் கட்டடமொன்றில் கோப்பிலே கிடக்கும் ஒரு தாளில் உள்ள விபரம்; புதிதாக எவரும் எதையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லாப் பழுதும் குற்றமல்ல என்பதையும் அறிவேன். குறித்த சில பழுதுகளோடு விமானம் பறக்கலாம் என்று அனுமதிக்கும் பட்டியல் இருக்கிறது. அவற்றின் வகையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று தவணையும் இருக்கிறது. அந்தக் காற்றழுத்தப் பழுதும் அவ்வாறு முறைப்படி ஒத்திவைக்கப்பட்டிருந்ததாயின் அதனைச் சொல்லிவிடுங்கள், நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஒப்பமிட்ட தொழிலாளியின் தலையையும் நான் கேட்கவில்லை. கீழே உள்ள ஒருவரைப் பலிக்கடா ஆக்கிவிட்டு மேலே உள்ளவர்கள் கைகழுவுவது எனக்குப் பழக்கமான காட்சிதான். அது நிகழக்கூடாது என்பதற்காகத்தான் இம்மடல் தங்கள் பதவிக்கு எழுதப்படுகிறது. பொறுப்பு முகாமையாளர் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்று விமானத்துறை விதிகள் வற்புறுத்துவதே, பணமும் ஆளும் நேரமும் ஒதுக்கும் அதிகாரமுள்ளவர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே?

பதிவை உள்ளபடி எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைத் தங்களுக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. 1980 இல் ஹொங்கொங்கில் இறங்கும்போது ஓடுபாதையில் வால் உரசிய சைனா எயார்லைன்ஸ் விமானம் விதிப்படி திருத்தப்பட்டதாகவே பதிவு சொன்னது. உண்மையில் கீறல்பட்ட தகட்டை அகற்றாமல் அதன்மேல் இன்னொரு தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே மாதம், அது தாய்வானுக்கு அருகே வானில் உடைந்து 225 பேர் இறந்தனர். 2018 ஒக்ரோபரில் ஜாவாக் கடலில் விழுந்த லயன் எயார் 610 இல் 189 பேர். கட்டுப்பாட்டு மென்பொருளே அங்கு பெருங்காரணம் என்றாலும், முதல் நாள் இரவு அதே விமானத்தில் நேர்ந்த கோளாறு லொக் புத்தகத்தில் முழுமையாக எழுதப்படவில்லை என்றும், அம்மாதப் பராமரிப்புப் பதிவில் 31 பக்கங்கள் காணாமற் போயிருந்தன என்றும் இந்தோனேசியப் புலனாய்வாளர்களே கண்டறிந்தார்கள். 2024 ஜனவரியில் அலாஸ்கா எயார்லைன்ஸ் விமானத்தில் பயன்படாத கதவிடத்தை மூடியிருந்த கதவுப்பலகை வானில் பிய்ந்துபோனபோது, அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 ஆணிகளும் பூட்டப்படவே இல்லை என்று தெரியவந்தது. தொழிற்சாலையில் அந்தப் பலகை கழற்றப்பட்டதற்கு ஒரு துண்டுப் பதிவும் இல்லை. அதில் இருந்த 177 பேரும் உயிர் தப்பினார்கள். எங்கள் பயணமும் உயிர்ச்சேதமின்றி முடிந்தது என்பதற்காகத் தங்கள் நிறுவனம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

தங்களுக்கு எழுதத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. பயணப்பொதி 30 கிலோவுக்கு மேல் ஒரு கிலோ கூடியிருந்தால், அந்த ஒரு கிலோவையும், அதற்குரிய காசையும், வாங்கியவரின் இலக்கத்தையும் மணித்துளியோடு அச்சடித்துத் தருகிறீர்கள். கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் நிறுப்பதில் இருக்கும் அந்தக் கண்ணியத்தில் ஒரு பங்கு காற்றழுத்தத் தொகுதிக்கும் கிடைக்குமாயின் பெரும் உபகாரம். வன்னியிலிருந்து விமானம் ஏறுவதென்றால் வான் பிடித்து, ஏ9 வீதியால் இரவிரவாக ஓடி, விடியற்புறம் கட்டுநாயக்காவில் வரிசையில் நிற்க வேண்டும். வானுக்குக் கொடுத்த காசுக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை, திரும்பிவரும் செலவுக்கும் கேட்பதில்லை. அருகிலிருக்கும் பலாலி விமான நிலையத்தால் வளைகுடாவுக்குப் போக வழியில்லை. ஏழைக்கு நேரமும் காசும் தண்ணீர் என்று கொழும்பில் யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் போலும்.

இவற்றுக்கெல்லாம் தாங்கள் பொறுப்பாளி அல்லர். வேகத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. தங்கள் பொறுப்பில் இருப்பது அந்த ஒரு பக்கம். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999 ஆம் ஆண்டு மொன்றியல் சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரைப்படி, தாமதத்தால் வரும் இழப்பிலிருந்து விலக்குப் பெற விரும்பும் நிறுவனம், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நடவடிக்கைகள் அனைத்தையும் தான் எடுத்ததாக நிரூபிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு அதனை எவ்வாறு நிரூபிப்பீர்கள்?

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: பழுது எது, எப்போது முதலில் பதியப்பட்டது, என்ன செய்யப்பட்டபின் விமானம் விடுவிக்கப்பட்டது என்பதை எங்களுக்கு எழுத்தில், தமிழில், தந்துதவுங்கள். கையொப்பமிட்டவரின் பெயரை மறைத்துத் தந்தாலும் ஆட்சேபனை இல்லை. இம்மடலின் பிரதியை விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கும் அனுப்புகிறேன். தங்களிடமிருந்து பதில் வராவிடில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்கு விண்ணப்பிப்பேன்.

அதுவரை காத்திருக்க முடியாதது விசுவமடு இளைஞரின் கடிதம். முதல் நாளின் திகதியையும், விமானம் பழுதினால் திரும்பியதையும் குறிப்பிட்டு அதனைத் திருத்தி இந்தக் கிழமைக்குள் அவருக்கு அனுப்பிவையுங்கள். முகவர் அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேடத் தொடங்கிவிட்டார்.

இங்ஙனம்,
தங்கள் பயணிகளில் ஒருவன்,
கிளிநொச்சி.