பரண்மேல் கிடப்பதை எடைக்குப் போடாதீர்கள்

தமிழ்நாட்டுத் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம் தோழர்களே.

போன மாதம் வடசென்னையில் ஒரு சங்க அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். பரணில் இருந்த கட்டுகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. சேதி கேட்டு நான் ஓடியபோது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு நோட்டு. ஏதோ ஒரு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றிய கஞ்சித்தொட்டியின் கணக்கு. அரிசி இரண்டு மூட்டை, விறகு, உப்பு. ஓரத்தில் பென்சிலில், 'டீக்கடை அண்ணன் கொடுத்தது, காசு வாங்கவில்லை.' கீழே ஐந்தாறு கைநாட்டுகள். ரேகை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மில் தொழிலாளியின் மகன் நான். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதை முன்னின்று நடத்தியதும் புத்தகங்களில் இருக்கின்றன. பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக்) மில்லை நடத்திய பின்னி நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய், தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக்கூடாது என்று வாடியாவுக்குத் தடை வாங்கியது, அந்த வழக்கின் சூட்டில்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்பதும் இருக்கிறது. ஆனால் கேட் மீட்டிங்கில் பேச்சைக் கேட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போகாமல் நின்றவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அரசாங்கக் காகிதங்களில் அதைத் தேடிப் பாருங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருவார்கள், பெயரோடு வரமாட்டார்கள். பெயர்கள் உங்கள் சந்தா ரசீதுகளிலும் மினிட் புத்தகங்களிலும்தான் இருக்கின்றன.

1946-ல் திருச்சி பொன்மலையில் சுடப்பட்ட ரயில்வே தொழிலாளர்களுக்கு ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். அதே அக்கறை பரணுக்கும் வேண்டும். கட்டுகளை இறக்கித் தூசி தட்டி, செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வைக்க இடமில்லையா? பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பெரியவர்கள். பி அண்டு சி மில் 1996-ல் மூடியது. கடைசியாக வெளியே வந்தவர்களில் இளையவர்களுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. மூத்தவர்களை இந்த வருஷமே உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள், கஞ்சி காய்ச்சியது அவர்கள்தான்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. கைநாட்டு வைத்தவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் உங்கள் சங்கத்தில் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள். எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

தோழமையுடன்,
ஒரு மில் தொழிலாளியின் மகன்