பல் டாக்டர்கிட்ட போனியா கண்ணு

பெரிய பாப்பாவுக்கு அம்மா எழுதறது.

இங்க எல்லாரும் சௌக்கியம். போன்ல பேசினா "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சிடற. எதிர்வீட்டுப் பையன் ஓசூர் வர்றான், அதான் கருவாட்டோட இதையும் குடுத்தனுப்பறேன். நெத்திலி, காசிமேட்ல வாங்கி நானே மாடியில காயவெச்சது.

பல் டாக்டர்கிட்ட போனியா? பொங்கலுக்கு வந்தப்போ ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டிருந்த. கேட்டா "பேங்க் ஆர்.டி. முடியட்டும்மா"ன்ன. அது முடிஞ்சா இன்னொண்ணு ஆரம்பிப்ப, எனக்குத் தெரியாதா. சொந்தமா மனை வாங்கிட்ட, ஒரு பைசா கடன் இல்ல. தெரு முழுக்க சொல்லிக்கிட்டுத் திரியறேன். ஆனா வலியைப் பொறுத்துக்கிட்டு எதுக்குடி சேக்கற?

சின்னவ போன வாரம் காலடிப்பேட்டையிலேந்து வந்து, எம்.சி. ரோட்டுக்குக் கூட்டிப்போயி ஒரு புடவை எடுத்துக் குடுத்தா. வேணாம்னா கேக்கல. ஒரே சிரிப்பு. நடுவுல போன் அடிச்சிக்கிட்டே இருந்தது, எடுக்காம கவுத்து வெச்சா. தவணைக்காரனான்னு நான் கேக்கல. புடவையை இன்னும் பிரிக்கவே மனசு வரல.

அவ வீட்டு புது ஃப்ரிட்ஜைப் பாத்துட்டு நீ தண்ணிகூட குடிக்காம எழுந்து வந்த. அதைப் பத்தி நான் பேசப்போறதில்ல. நாப்பதாயிரம் உங்க ரெண்டு பேருக்குள்ள. அவ திருப்பித் தரணும், அதுல மறுபேச்சே இல்ல. ஆனா உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல. "அக்கா பேசினாளா"ன்னு தினம் கேக்கறா. நீ பல்லை மட்டும் தள்ளிப்போடாதே.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ ஏழாவது முடிச்ச லீவு. மீன்பிடித் தடைக்காலம் அப்போ 45 நாள்தான், இப்போ மாதிரி 61 இல்ல. ஆனாலும் நைனா கரையில நின்னா நம்ம வீட்ல அடுப்பு நின்னுடும். என் தோடு ஏற்கெனவே சேட்டுக் கடையில. நீ ஆயா வீட்டுக்குப் போயிருந்த. கொலுசுக்குன்னு ரெண்டு வருஷமா சேத்தியே, அந்த மண் உண்டியலை உடைச்சேன். 640 ரூபா. சின்னவளோடதையும் உலுக்கிப் பாத்தேன், காலி. அவ குச்சி விட்டு எடுத்து ஐஸ் தின்னு தீத்திருந்தா. அவளுக்கு ஒண்ணும் போகல.

நீ வந்ததும் எலி தள்ளிடுச்சுன்னு சொன்னேன். பணம் எங்கன்னு நீ கேக்கல. உடைஞ்ச ஓட்டுத் துண்டையெல்லாம் பொறுக்கி ஒண்ணா வெச்சிட்டு, சுவத்தைப் பாத்து படுத்துக்கிட்ட. சின்னவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

அதுக்கப்புறம் நீ காசை என் கண்ணுலயே காட்டல. அவ கையில வந்ததை அன்னிக்கே தீத்துடுவா. உன்னைக் கருமின்னும் அவளை ஊதாரின்னும் சொந்தக்காரங்க முன்னாடி பேசினதும் நான்தான். தப்பு என்னோடதுதான் பாப்பா. இத்தனை வருஷம் சொல்ல வாய் வரல.

மாசாமாசம் உரிமைத் தொகை வருதில்ல, அதுலேந்து 640 எடுத்து கவர்ல வெச்சிருக்கேன். இப்போ இதுக்கு கொலுசுத் திருகாணிகூட வராது, தெரியும். ஆர்.டி.ல போட்டுடாதே, பல்லுக்கு வெச்சிக்க.

கருவாட்டை ஒரு நாள் வெயில்ல போடு. அங்க இருக்கற குளிருக்கு பூசணம் புடிச்சிடும்.

அம்மா