காசிமேட்டு எறாவும் கேம்பிரியன் சேறும்

அன்புள்ள டீச்சர்,

கண்காட்சியில் பிள்ளைகள் கேம்பிரியன் காலத்துக் கடலை, அதாவது ஐம்பது கோடி ஆண்டுக்கு முந்தைய கடலைக் காட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன, எறா மாதிரி ஓடும் மீசையும் காலும் உள்ள டிரைலோபைட்டைத் தெர்மாகோலில் செய்ய வேண்டாம். காசிமேட்டில் கால் கிலோ எறா வாங்குங்கள், மீசையும் காலும் உடையாததாக.

காலத்துக்கு ஒரு கயிறு போதும். 1 செ.மீ.க்கு 1 கோடி ஆண்டு என்றால் பூமியின் வயது 4.6 மீட்டர். கேம்பிரியன் தொடக்கம் இன்றைய முனையிலிருந்து 53.9 செ.மீ.யில் விழும், டைனோசர்களின் முடிவு 6.6 செ.மீ.யில். வலைக்கயிறு நைலான், இழுத்தால் நீளும். ஆணியில் இறுக்கிக் கட்டிய பிறகே அளந்து குறி போடுங்கள்.

அடுத்தது சேறு, விஷயமே இதில்தான். ஒரு தட்டில் நன்றாகக் குழைத்த களிமண், இன்னொன்றில் ஈரமான கடற்கரை மணல். எறாவுக்கு லேசாக எண்ணெய் தடவி, பக்கவாட்டில் படுக்கவைத்து அழுத்தி எடுங்கள். மணலில் முதுகின் வளைவு மட்டும் நிற்கும். களிமண்ணில் கால்கூடத் தெரியும். களிமண் எறாவோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் அதிகம், வெடித்தால் குறைவு.

அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றுங்கள்: ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஊற்றியதும் தட்டைத் தட்டினால் குமிழி மேலே வந்துவிடும். கடற்காற்றில் திறந்து கிடந்த மாவு சரியாக இறுகாது; புது பாக்கெட் வாங்குங்கள். மிச்ச எறாவை ஐஸில் வையுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

டிரைலோபைட்டின் முதுகு ஓடு கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம். அதனால் கல்லில் நிலைத்தது. காலில் அந்தக் கெட்டி இல்லை, பெரும்பாலும் அழுகிப்போனது. கனடாவின் பர்ஜெஸ் ஷேல் என்ற கேம்பிரியன் பாறைப் படிவு போன்ற சில இடங்களில் மட்டும் நுண்ணிய சேறு திடீரென்று மூடியதால் காலும் குடலும்கூடப் பதிந்திருக்கின்றன. பர்ஜெஸ் ஷேல் புதைபடிவங்களை அமெரிக்க ஆய்வாளர் வால்காட் 1909-ல் கண்டார்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு: எறாவின் வாலை மட்டும் கொடுத்து, முழு உயிரையும் வரையச் சொல்லுங்கள். ஆய்வாளர்களே இப்படி ஏமாந்தார்கள்: 1892-ல் கல்லில் பதிந்த ஒரு வளைந்த துண்டைத் தலையில்லாத எறா என்று நினைத்து 'விசித்திர எறா' என்ற பொருளில் அனோமலோகாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பெரிய வேட்டை விலங்கின் முன்உறுப்பு என்று ஆய்வாளர்கள் விட்டிங்டனும் பிரிக்ஸும் 1985-ல் விளக்கினார்கள்.

எண்ணூர் கரையில் பொறுக்கிய சங்குக்குக் 'கேம்பிரியன்' என்று சீட்டு ஒட்டிவிடாதீர்கள். அது நேற்றைய சங்கு. அரியலூர் கல்லும் ஆகாது, அது கிரெட்டேசியஸ், டைனோசர்களின் கடைசிக் காலம். இந்தியாவில் கேம்பிரியன் டிரைலோபைட் பார்க்க இமாசலத்தின் ஸ்பிதி மாதிரி இமயமலைப் பக்கம் போக வேண்டும்.