கப்பல் சாயுமான்னு அம்மா கேக்குறா

டேய் கண்ணா,

நீ இருக்கற அந்த சொகுசுக் கப்பலோட போட்டோவ அனுப்புனியே, அத அம்மா பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு ஒரே கேள்விதான், இவ்ளோ உசரமா இருக்கே, காத்தடிச்சா சாஞ்சுடாதான்னு. இத்தனை வருஷம் சரக்குக் கப்பல்ல ஃபிட்டரா இருந்தவன்கிட்ட கேக்குற கேள்வியான்னு முதல்ல சிரிச்சுட்டேன். யோசிச்சா நியாயம்தான், மேல இருபது மாடி நிக்குது, தண்ணிக்குள்ள இருக்கறது ஒம்பது மீட்டர் சொச்சம்தான்.

எஞ்சின், எண்ணெய் டேங்க், தண்ணி, பேலஸ்ட் (கப்பல் நெலையா நிக்க ஏத்துற பாரம்) எல்லாம் அடியில கெடக்கு, மேல இருக்கற கேபின்லாம் பாதி வெறும் காத்துடி, தலையாட்டி பொம்மை மாதிரி சாஞ்சாலும் தானா நிமிந்துக்கும்னு சொன்னேன். "அப்போ ஆடிக்கிட்டேதான் இருக்கும்ங்கறீங்க"ன்னா. கரெக்டா புடிச்சுட்டா பாரு. வெயிட்ட ரொம்ப கீழ இறக்குனாலும் வம்புதான். நான் இரும்புத்தாது ஏத்துன கப்பல்ல போனப்போ சாஞ்ச வேகத்துலயே வெடுக்குனு நிமிரும், பங்க்ல, அதான் கப்பல் கட்டில்ல, படுக்க முடியாது, மெத்தையோட வெளி ஓரத்துக்கு அடியில லைஃப் ஜாக்கெட்ட சொருகிட்டு சுவரோட ஒட்டி அந்தப் பள்ளத்துலதான் தூங்குவேன். காசு குடுத்து வந்தவன் அத தாங்குவானா? மெதுவா சாயணும், மெதுவா நிமிரணும், ஆனா நிமிராம போகவே கூடாது, டிசைன் பண்றவனுக்கு இதுதான் தலைவலி. மிச்ச ஆட்டத்த அடக்கத்தான் ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி ஃபின், அதுவும் கப்பல் ஓடுனாத்தான் வேலை செய்யும்.

இந்த பிரம்மாண்டப் பைத்தியம் 1988-ல வந்த சாவரின் ஆஃப் த சீஸ்ங்கற சொகுசுக் கப்பல்லதான் ஆரம்பிச்சுச்சுன்னு சொல்வேன். பிரான்ஸ்ல சென்ட் நஸேர்ல கட்டுனது, 268 மீட்டர் நீளம், 73,000 டன்னுக்கு மேல (அந்த டன் எடை இல்லடா, உள்ள இருக்கற இடத்தோட கணக்கு, அம்மாகிட்டயும் சொல்லியிருக்கேன்). நடுவுல அஞ்சு மாடி உசரத்துக்கு திறந்த ஹாலு, கண்ணாடி லிஃப்ட், புகைக்கூண்ட சுத்தி ஒரு லவுஞ்ச். ஒரு ராத்திரி மயாமிக்கு வெளிய எங்கள தாண்டிப் போச்சு, கையில கிரீஸோட டெக்ல நின்னு வாயப் பொளந்து பாத்தேன். 2008-ல ஒரு ஸ்பெயின் கம்பெனிக்கு கைமாறுச்சு, 2020-ல கொரோனா வந்து அந்த கம்பெனியே படுத்துருச்சு, ஜூலைல துருக்கில அலியாகா கரையில ஏத்தி உடைக்கக் குடுத்துட்டாங்க. 32 வருஷம். இப்போ வர்ற பெருசுங்க அது மாதிரி மூணு மடங்கு.

ஒண்ணு செய், ஃபின்ன உள்ள இழுத்து வச்சிருக்கற நேரமா பாத்து, ஒரு தடவ சாஞ்சு அந்தப்பக்கம் போயி திரும்ப வர எத்தனை செகண்டுன்னு வாட்ச் வச்சு எண்ணி எழுது. நிறைய செகண்டா இருந்தா நல்லா தூங்கலாம். அம்மாவுக்கு அந்த நம்பர் வேணுமாம், எனக்குந்தான்.

அப்பா